எண்பத்தெட்டு

எங்கள் பரிசோதனைக்கூடம் காலை ஆறரைக்குத் திறக்கும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறு மணிக்கே ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். வெறும் வயிற்றுக்காரர்களுக்குக் கோபம் அதிகம். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளத்தான் கவுன்ட்டரில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பெயர், வயது, என்ன சோதனை என்று கேட்டுத் தட்டி, ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பேன். அதைக் குழாயில் ஒட்டி ரத்தம் எடுக்கிறவள் ஊசியக்கா.

ஊசியக்காவுக்குப் பதினேழு வருட சர்வீஸ். அவள் குத்தினால் தெரியாது. குழந்தைகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "எப்ப குத்துவீங்க, எப்ப குத்துவீங்க" என்று அலறும்போது அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். நரம்பே கிடைக்காத பெரியவர்களை மற்ற இடங்களில் நாலு குத்துக் குத்தி இங்கே அனுப்புவார்கள். இவள் கையைத் தடவிப் பார்ப்பாள், ஏதாவது சொல்லி வாயைக் கிண்டுவாள், முடிந்துவிடும். ஒருத்தரை இரண்டாம் முறை அவள் குத்தி நான் பார்த்ததில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருக்கிறோம். நான் இரண்டாவது மாடி, அவர்கள் நாலாவது. அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் உள்ள உயரமான கட்டடமெல்லாம் அவர் கையால் ஏறி இறங்குகிறது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் இரண்டு வருடமாக அட்டைப் பலகை தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. "அண்ணே, உங்க வீட்டு லிஃப்ட்ட ஓட்ட வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டால், "தங்கச்சி, டாக்டர் வீட்டுல எல்லாருக்கும் சளி இருக்கும், கேட்டுப் பாரு" என்பார். பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

ஒரே பெண். பதினேழு வயது. விட்ட இடத்தில் நிற்காமல் ஓடுகிறாள் என்று அப்பா சின்ன வயதில் 'ரயிலு' என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. ஐயாயிரம் மீட்டர் ஓடுவாள். மைதானத்தைப் பன்னிரண்டரை சுற்று. விடிகாலை ஒரு பயிற்சி, சாயங்காலம் ஒன்று. மைதானத்தில் மாஸ்டர் ஒருவர் எட்டுப் பெண்களைப் பொறுக்கி ஒரு குழு வைத்திருந்தார். அந்த எட்டில் ரயிலு ஒருத்தி. குழுவில் இருப்பவர்களைத்தான் மாநில அணிக்கான தேர்வு ஓட்டத்துக்கு அனுப்புவார். இந்த வருடம் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். இடத்துக்காக வெளியே பதினைந்து பெண்கள் காத்திருந்தார்கள்.

படியேறும்போது அந்தப் பெண் ஒவ்வொரு திருப்பத்திலும் குனிந்து ஷூ லேஸ் கட்டுவாள். முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பின்னாலேயே ஏறியபோது பார்த்தேன். லேஸ் நன்றாகத்தான் கட்டியிருந்தது. அதைப் பிரித்து, மறுபடி கட்டினாள். மூச்சு வாங்குவது தோளில் தெரிந்தது.

"என்னடி, லேஸுக்கும் உனக்கும் என்ன தகராறு?"

"புது ஷூ அத்தை. நிக்கவே மாட்டேங்குது."

அந்த ஷூவின் அடி தேய்ந்து விரல் தெரிகிற நிலையில் இருந்தது. சரி, மறைக்கிறாள், மறைக்கட்டும் என்று மேலே போய்விட்டேன். என் குணம் அது. பார்ப்பேன், கேட்கமாட்டேன்.

ஐஸ் தின்பதையும் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் தட்டிலிருந்து கட்டிகளைத் தட்டி டம்ளரில் போட்டுக்கொண்டு, கடலை கொறிப்பதுபோல் கடித்துத் தின்பாள். அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தால் பேச்சுக்கு நடுவே கறுக்முறுக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். "என் பொண்ணு பல்லுக்குள்ள ஐஸ் ஃபேக்டரி வெச்சிருக்கா" என்பார் அப்பா. எல்லோரும் சிரிப்போம். சீப்பில் முடி கொத்தாக வந்ததற்குத் தண்ணீரைக் குறை சொன்னோம். மாதாமாதம் ஏழு நாள் எட்டு நாள் போய்க்கொண்டிருந்ததை அம்மாவிடம்கூட அவள் சரியாகச் சொல்லவில்லை. மாஸ்டரிடம் எப்படிச் சொல்வாள்? அந்த நாட்களிலும் ஓடிவிட்டு வருவாள்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. எங்கேயோ படித்துவிட்டு வந்து, எட்டுப் பேரும் ரத்தம் சோதித்துக்கொண்டு வரவேண்டும், ஃபெரிட்டின் பார்க்கவேண்டும் என்றார். உடம்பு சேர்த்து வைத்திருக்கிற இரும்பின் அளவு அது. குறைந்தால் மூச்சு வாங்கும், முடி கொட்டும், ஐஸ்கூடத் தின்னத் தோன்றுமாம். இருபதுக்குக் கீழே இருந்தால் மூன்று மாதம் ஓட்டம் நிறுத்தம், மருந்து சாப்பிட்டு ஏற்றிக்கொண்டு வரவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த மூன்று மாதம் இடம் காலியாக இருக்காது. வெளியே நிற்பவள் உள்ளே வந்துவிடுவாள். தேர்வு ஓட்டத்துக்கும் சரியாக மூன்றரை மாதம்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ரயிலு பயிற்சி முடித்து நேராக எங்களிடம் வந்தாள். ஸ்டிக்கர் அடித்தேன். அம்மா எடுத்தாள். மத்தியானம் என் திரையில் எண் வந்தது. ஆறு.

நான் அச்சடிக்கக் கை வைப்பதற்குள் ஊசியக்கா வந்து நின்றாள்.

"அத அடிக்காதம்மா. சாம்பிள் கெட்டுப்போச்சு. நாளைக்கு வேற எடுத்துட்டு வர்றேன்."

சாம்பிள் கெட்டிருந்தால் சோதிக்கிறவர் சொல்வார். ஊசியக்கா சொல்லமாட்டாள். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எண்ணை அழித்தேன்.

மறுநாள் வீட்டிலேயே எடுத்துவிட்டேன் என்று ஒரு குழாயைக் கொண்டுவந்தாள். ஸ்டிக்கர் கேட்டாள். கொடுத்தேன். வாங்க நீட்டிய இடது கையில் சட்டை மேலே ஏறியிருந்தது. முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு, மேலே பிளாஸ்திரி. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்த ரத்தத்தில் எண்பத்தெட்டு இருந்தது. நாற்பத்தெட்டு வயது, மாதத் தொல்லை நின்று இரண்டு வருடம் ஆன உடம்பு. இரும்பு சேராமல் என்ன செய்யும்? கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். நான்தான் கவரில் போட்டு ரயிலின் கையில் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாப்பிடும்போது அக்காவே ஆரம்பித்தாள்.

"நீ பாத்துட்ட."

"பாத்தேன்."

"ஒரு மாசம்தான். மருந்து குடுத்தா ஏறிடும். அடுத்த ரிப்போர்ட்டு அவ சொந்த ரத்தத்துல வரும். யாருக்கு என்ன நஷ்டம் சொல்லு?"

"எனக்கென்ன தெரியும்க்கா."

"அவ எட்டு வயசுலேர்ந்து ஓடுறா. ஒரு நம்பருக்காக வெளிய தள்ளிட்டா? என் ரத்தத்துல பொறந்தவதானே. கொஞ்சம் முன்னாடியே குடுத்தேன்னு வெச்சுக்கோ."

பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு டப்பாவை மூடினேன். அப்போது எனக்கும் அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

தப்பு எங்கே என்று அடுத்த வாரமே தெரிந்தது. எட்டுப் பெண்களில் ரயிலுக்குத்தான் எண் அதிகம். மற்றவர்களுக்கு முப்பது, நாற்பது. மாஸ்டர் எண்பத்தெட்டைப் பார்த்துவிட்டு, "இந்த உடம்புல சரக்கு இருக்கு, இன்னும் வாங்கலாம்" என்று அவளுக்கு மட்டும் ஓட்டத்தைக் கூட்டினார். மற்றவர்கள் ஆறு முறை ஓடும் வேகச்சுற்றை இவள் பத்து முறை. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் இவளுக்குப் பதினெட்டு.

மருந்து கொடுக்கலாம் என்று அக்கா பாட்டிலை எடுத்தால், பெண் சிரித்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"எதுக்கும்மா இது?"

"சத்து மருந்துடி. குடி."

"எண்பத்தெட்டு இருக்கும்மா. எங்க குழுவுலயே நான்தான் முதல். ஓட்டத்துல வரலன்னாலும் இதுலயாவது வந்துட்டேன். இது துருப்பிடிச்ச ஆணி மாதிரி வாடை அடிக்குது, குமட்டுது. எனக்கு வேணாம்."

"அம்மா சொன்னா கேக்கணும்."

"ரிப்போர்ட்டு கொடுத்ததே உன் லேபுதானே? நீயே நம்ப மாட்டியா?"

அக்கா பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தாள். அப்புறம் தினமும் விடிகாலை, பெண் பல் தேய்க்கிற நேரத்தில், அந்த மருந்தைக் கெட்டி டீயில் ஊற்றிக் கலக்கினாள். டீயின் நிறத்தில் மருந்தின் நிறம் தெரியாது. சர்க்கரையை அள்ளிப் போட்டால் வாடையும் தெரியாது. "தினமும் ரெண்டு மூடி உள்ள போகுது, இனிமே கவலையில்ல" என்று என்னிடம் சொன்னாள். எங்களுக்கு ரத்தம் எடுக்கத் தெரியும். உடம்பில் அதை ஊறச் செய்யத் தெரியாது.

நாள் போகப் போக ரயிலு மெதுவானாள். பதினெட்டரை நிமிடத்தில் ஓடியவள் பத்தொன்பதுக்கு வந்தாள், பிறகு இருபதுக்கு. சோறும் முட்டையும் தட்டில் ஆறிப்போகும். சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்தபடியே தூங்கினாள். பள்ளியில் தூங்கினாள். அப்பா முதலில் செல்லமாகக் கேட்டார், "ரயிலு ஏன் லேட்டு?" பிறகு செல்லம் போய்விட்டது.

"உடம்புல குறையில்ல. ரிப்போர்ட்டு இருக்கு. அப்புறம் என்ன? மாஸ்டர் சொல்றது சரிதான். மனசு இல்ல."

"விடுங்களேன், சின்னப் பொண்ணு," என்பாள் அக்கா.

"நீ செல்லம் குடுத்துத்தான் கெட்டுப்போச்சு. லிஃப்ட்டுல மோட்டாரு நல்லா இருக்கு, கம்பி நல்லா இருக்கு, கரண்டு இருக்குன்னா, ஓடலேன்னு சொன்னா யாராவது நம்புவானா?"

ஐஸ் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சுவரைப் பார்த்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

தேர்வு ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, மாஸ்டர் மைதானத்தில் ஒரு ஒத்திகை வைத்தார். வீட்டார் வரலாம் என்றார். அப்பாவுக்கு வேலை. அக்காவும் நானும் போனோம். மேகமூட்டமாக, ஓடுவதற்கு நல்ல நாளாக இருந்தது.

எட்டுப் பேரும் கிளம்பினார்கள். மூன்று சுற்று வரை ரயிலு கூட்டத்தோடு இருந்தாள். ஐந்தாவதில் கடைசி. ஏழாவதில் மற்றவர்கள் அவளை ஒரு முழுச் சுற்று தாண்டினார்கள். அவள் முகத்தில் வலியோ வேதனையோ இல்லை. எதுவுமே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் முகம்போல இருந்தது. ஒன்பதாவது சுற்றில் பாதி வந்தவள் மெல்ல நடந்து, கோட்டைத் தாண்டிப் புல்லுக்கு வந்து நின்றாள். விழவில்லை, அழவில்லை. நின்றாள்.

"ரயிலு நின்னுபோச்சு!" என்று எந்தப் பெண்ணோ கத்தினாள். சிரிப்பு கேட்டது.

மாஸ்டர் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"பாரும்மா. இங்க மத்த ஏழு பேர் இருக்காங்க. முப்பது வெச்சுக்கிட்டு முழுசா ஓடுறாங்க. நீ எண்பத்தெட்டு வெச்சுக்கிட்டு நடந்து வர்ற. ரத்தம் இருக்கு, கால் இருக்கு. மனசு இல்ல. அதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. மூணு மாசம் ஆச்சு, புது ரிப்போர்ட்டு வாங்கிட்டு வா. அதுவும் நல்லா இருந்தா, இந்த இடத்த வேணும்னு நினைக்கிற பொண்ணுக்குக் கொடுத்துடறேன்."

"சரி மாஸ்டர்," என்றாள் ரயிலு.

வீட்டுக்கு வரும்போது அக்கா முன்னால் போய்விட்டாள். நானும் ரயிலும் படியேறினோம். முதல் திருப்பத்தில் குனிந்தாள். லேஸைப் பிரித்தாள். கட்டாமல் அதைக் கையில் பிடித்தபடி சொன்னாள்.

"அத்தை, சோம்பேறிங்களுக்கு, அவங்க சோம்பேறின்னு தெரியுமா?"

"ஏன்டி இப்படிப் பேசற?"

"இல்ல, எனக்கு நிஜமாவே ஓடணும்னு ஆசையா இருக்கிற மாதிரிதான் தோணுது. ஆனா எல்லாரும் இல்லன்றாங்க. ரிப்போர்ட்டும் இல்லன்னுது. அப்ப என் மனசு எங்கிட்டயே பொய் சொல்லுதுபோல. அழுகைகூட வரல அத்தை. அழுறதுக்கும் மனசு வேணும்ல?"

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அக்காவின் வேலை, அக்காவின் மானம், என் வேலை என்று வரிசையாக நினைவு வந்தது. "கட்டுடி லேஸ, விழுந்து வெக்கப்போற" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஆட்களில் நானும் ஒருத்தி.

நாலாவது மாடிக்குப் போய் அக்காவை வெளியே கூப்பிட்டு, பெண் கேட்டதை அப்படியே சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சரி, நீ போ" என்றாள்.

மறுநாள் காலை ரயிலு சோதனைக்கு வந்தாள். நான் அடித்துக் கொடுத்த ஸ்டிக்கரை அக்கா வாங்கிக்கொண்டு போனாள். என் இடத்திலிருந்து பார்த்தால் நாற்காலி தெரியும். கையைத் தடவினாள், பட்டையைக் கட்டினாள், குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசி கொஞ்சம் அசைந்தது. வெளியே எடுத்துவிட்டாள்.

"பரவால்லம்மா, வலிக்கல," என்றாள் பெண்.

இரண்டாம் முறை அடுத்த கையில் குத்தினாள். வந்தது. குழாயில் ஸ்டிக்கரை ஒட்டி, வேறு எங்கும் போகாமல், நேராகச் சோதிக்கிறவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

ரயிலு பள்ளிக்குப் போகவில்லை. போகத் தெம்பில்லாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பேப்பர் கப்பில் ஐஸ் வாங்கிக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் டாக்டரம்மா இரண்டு காகிதங்களோடு கவுன்ட்டருக்கு வந்தார்.

"இது என்ன கூத்து? மூணு மாசத்துக்கு முன்னாடி எண்பத்தெட்டு. இன்னைக்கு நாலு. எங்கயாவது அடிபட்டு ரத்தம் போச்சா? இல்ல, மெஷின் கோளாறா? இல்ல நீ ஸ்டிக்கர் மாத்தி அடிச்சியா?"

ஊசியக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"மெஷின் நல்லா இருக்கும்மா. ஸ்டிக்கரும் சரிதான். போன தடவை அது என் ரத்தம்."

ஐஸ் கடிக்கிற சத்தம் நின்றது.

"என்ன சொல்ற?"

"இவளுக்கு அப்பவே ஆறுதாம்மா. இடம் போயிடும்னு நான்தான் என் கையிலேர்ந்து எடுத்து வெச்சேன். மருந்து குடுத்தேன். தெரியாம டீயில கலந்து, தினமும் குடுத்தேன். ஏறிடும்னு நினைச்சேன். நேத்துகூட ஒன்பது சுத்து ஓடினா."

"டீயிலயா?" டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "டீயில கலந்தா அது உடம்புல ஒட்டவே ஒட்டாதே! பதினேழு வருஷம் இங்க இருக்க. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா எதுக்குன்னு கேப்பீங்களே."

டாக்டரம்மா பெஞ்சுப் பக்கம் போய் ரயிலின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"இந்த நாலை வெச்சுக்கிட்டு நீ நேத்து ஒன்பது சுத்து ஓடினியா?"

"எட்டரை டாக்டர்."

"எட்டரை! படியேறவே முடியாதே. எப்படி ஓடின?"

ரயிலு கப்பை பெஞ்சில் வைத்தாள். கையை மடியில் கோத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. சத்தமே வரவில்லை. மூன்று மாதமாக வராத அழுகை.

டாக்டரம்மா அக்காவை உள்ளே கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் அக்கா தன் பையோடு வெளியே வந்தாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வார், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஆறை அழித்தது யார் என்று அக்கா சொல்லவில்லை. நானும் எழுந்து நிற்கவில்லை. இன்றைக்கும் அதே கவுன்ட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரயிலு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, இந்த ரிப்போர்ட்டு மூணு காப்பி அடிச்சுத் தாங்க."

"மூணு எதுக்கு?"

"மாஸ்டருக்கு ஒண்ணு. அப்பாவுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

இடம் போய்விட்டது. தேர்வு ஓட்டம் போய்விட்டது. இந்த வருடம் போனால் அடுத்தது இல்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று காகிதங்களையும் மடிக்காமல், கசங்காமல், நெஞ்சோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள். நாலு என்று போட்டிருந்த காகிதம்.

நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தேன். அக்கா இரண்டடி பின்னால் வந்தாள். பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டடத்துக்குள் நுழைந்து படியேறினோம். முதல் திருப்பம் வந்ததும் ரயிலு நின்றாள். நான் அவள் ஷூவைப் பார்த்தேன். அவள் லேஸைத் தொடவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கால் வரலம்மா," என்றாள்.

அக்கா இரண்டு படி கீழே நின்றபடி இருந்தாள். உட்காரலாமா என்று தெரியாதவள்போல் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். மேலே யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"எந்தக் கைல எடுத்துக்கிட்ட?" என்று கேட்டாள் பெண்.

அக்கா இடது கையை நீட்டினாள். ரயிலு அம்மாவின் சட்டைக் கையை மேலே ஏற்றி முழங்கை மடிப்பைப் பார்த்தாள். மூன்று மாதம் ஆகிவிட்டது, அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் பஞ்சு வைத்து அழுத்துகிற மாதிரி அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

"நீயேவா குத்திக்கிட்ட?"

"ம்."

"வலிச்சுதா?"

"வலிச்சுது," என்றாள் ஊசியக்கா.

அவள் குத்தி ஒருவருக்கு வலித்தது என்று நான் கேட்டது அன்றைக்குத்தான்.